இடித்துக் கட்டும் நொதியம்

ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஜோர்ஜ் அன்சன் 1740 ஆம் ஆண்டில் சில கப்பல்களுடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவின் தென்முனையைக் கடக்குங்காலை அவருடைய மாலுமிகளை ஸ்கேவி என்னும் நோய் பற்றிக்கொண்டது. முரசு வீங்கிப் பற்கள் ஆடின, பலர் மாண்டனர். அப்பயணத்திற் சென்ற மதகுரு ரிச்சட் வால்ற்றரின் பெயரால் 1748 இல் வெளிவந்த நூலில் விந்தையான செய்தியொன்று காணப்படுகின்றது. மாலுமிகளுள் ஒருவர் 1690 ஆம் ஆண்டு அயர்லாந்தில் நிகழ்ந்த பொயின் போரிலே காயமுற்றவர். காயம் அக்காலத்திலேயே ஆறிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், ஸ்கேவி பற்றியதும், அப்பழைய காயம் என்றுமே ஆறாதது போல மீண்டும் வாய் திறந்தது! முன்னொரு காலத்தில் முறிந்து நன்கு பொருந்தியிருந்த எலும்பொன்று, பொருந்திய இடத்திலேயே மீண்டும் விட்டுப் போனதாகவும் அந்நூல் கூறுகின்றது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மூடிய வடு ஏன் திறக்க வேண்டும்? விற்றமின் சீ கிடையாதபோது உடல் புதிய இழையத்தை உண்டாக்க மாட்டாது என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. ஆயின் அவ்வடு புதியதன்று. அதனைக் கட்டும் வேலை என்றோ முடிந்துவிட்டதன்றோ? முடிந்த வீட்டுக்குச் சீமெந்து வராவிட்டால் வீடு இடிந்து விழுவதில்லையே!

விடை இதுதான்: உடலில் எக்கட்டடமும் முடிந்துவிடுவதில்லை. வடுவும் எலும்பும் தோலும் முரசும் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக இடிக்கப்படுகின்றன. இடித்த அளவுக்கு மீண்டும் கட்டப்படுகின்றன. ஸ்கேவி நோயிலே கொத்தனார் வேலைக்கு வருவதில்லை. இடிப்பவனோ வழக்கம் போல் வந்துகொண்டிருக்கிறான். அந்த முதிய மாலுமியின் வடுவைத் திறந்தவன் அவனே. இவ்வாரம் அவனைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அவன் இடிக்கும் பொருளை அறிதல் வேண்டும். நம்முடலிலுள்ள புரதங்களுள் ஏறத்தாழக் காற்பங்கு கொலாஜன் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. தோலுக்கு உரமும், தசைநாணுக்கு இழுவலிமையும், எலும்புக்கு முறியாத தன்மையும் தருவது இதுவே. ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் மூன்று, மூன்று புரிக் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருப்பது இதன் அமைப்பு. முறுக்கு இறுக்கமானது. புரதங்களை வெட்டும் சாதாரண நொதியங்கள் உள்ளே வாய் வைக்க இடம் இல்லை. ஆகையால் உடல் இதனை எவ்வாறு கரைக்கின்றது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சில பற்றீரியங்களிடம் இதனை வெட்டும் நொதியம் உண்டென்பது தெரிந்திருந்தது. விலங்குகளின் இழையத்தை அரைத்தும் பிழிந்தும் தேடியவர்களுக்கோ அப்படி ஒன்று அகப்படவில்லை.

அதனைக் காட்டிக் கொடுத்தது ஒரு வாற்பேத்தையின் வால். வாற்பேத்தை தவளையாகும்போது அதன் வால் அறுந்து விழுவதில்லை. தைரொயிட் ஓமோனின் கட்டளைக்குப் பணிந்து, சில நாட்களுள் உள்ளிழுக்கப்பட்டு மறைகின்றது. வாலிலுள்ள கொலாஜன் எங்கே போயிற்று? அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆராய்ச்சி புரிந்த ஜெரோம் குரோஸ் என்பவரும், பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த சார்ள்ஸ் லப்பியேர் என்பவரும் இவ்வினாவை எழுப்பினர். பெருந்தவளையின் வாற்பேத்தை வாலிலிருந்து உயிருள்ள சிறு துண்டுகளை வெட்டி, கொலாஜனால் ஆன களிப்படலத்தின்மேல் வளர்த்துப் பார்த்தனர். கலங்கலாக இருந்த களி, துண்டைச் சுற்றி வட்டமாகக் கரைந்து தெளிந்தது. முறுக்கு அவிழாத கொலாஜனை வெட்டும் நொதியம் விலங்குடலிலும் உண்டு என்பது 1962 ஆம் ஆண்டில் இவ்வாறு உறுதியாயிற்று. முன்னோர் தோற்றதன் காரணமும் விளங்கிற்று. இழையம் இந்நொதியத்தைச் சேமித்து வைப்பதில்லை. உயிருள்ள கலங்கள் தேவை நேரும்போது உண்டாக்கிக் கொள்கின்றன. அரைத்த இழையத்தில் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்? ஒரு சாணுக்கும் குறைந்த வாலும் ஒரு கண்ணாடித் தட்டும் போதுமானவையாயிருந்த இச்சோதனையை, விஞ்ஞானத்தின் அழகிய சோதனைகளுள் ஒன்றெனக் கூறத் தயங்க வேண்டியதில்லை.

கொலாஜனேஸ் எனப் பெயர் பெற்ற இந்நொதியம் தனியன் அன்று என்பது பின்னர்த் தெரிந்தது. மனிதருள் மட்டும் இதற்கு 23 உறவினர் உளர். குடும்பப் பெயர் 'மற்றிக்ஸ் மெற்றலோபுரொட்டீனேஸ்'. கலங்களுக்கிடையே நிரம்பியுள்ள பொருளை வெட்டுவதாலும், வெட்டும் இடத்திலே நாகம் என்னும் உலோகத்தின் ஓர் அணுவைக் கொண்டிருப்பதாலும் இப்பெயர் வந்தது. கொலாஜனேஸ் அம்மூன்று புரிக் கயிற்றைக் கண்ட இடத்தில் வெட்டாது. ஒரு முனையிலிருந்து முக்காற்பங்கு தூரத்தில் உள்ள ஒரே ஓர் இடத்திலேதான் வெட்டும். அந்த ஒரு வெட்டுப் போதும். வெட்டுண்ட கயிறு உடலின் வெப்பத்திலே தானாகவே முறுக்கவிழ்ந்து ஜெலற்றின் ஆகிவிடுகின்றது. எஞ்சியதைக் குடும்பத்திலுள்ள மற்றையோர் தின்று தீர்க்கின்றனர்.

இத்தகைய கூரிய கத்தியை உடல் உறையின்றி வைத்திருக்குமா? நொதியம் பிறக்கும்போதே அதன் வாய்க்கு மூடி உண்டு. நொதியத்தின் ஒரு முனை மடிந்து வந்து, அங்குள்ள கந்தக அணு நாகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். அப்பிடி விலகினாலன்றி வெட்டு நிகழாது. மூடி திறந்த பின்னரும் விடுதலை இல்லை. 'டிம்ப்' எனப்படும் தடுப்புப் புரதங்கள் நான்கு வகை உண்டு. அவை நொதியத்தின் வாயிலே சென்று அடைத்துக்கொள்கின்றன. ஆக, எப்போது உண்டாக்குவது, எங்கே திறப்பது, எப்போது அடைப்பது என மூன்று பூட்டுகள். இக்கட்டுரையில் இனிக் கூறப்போகும் நோய்கள் யாவும் இப்பூட்டுகளின் கதையே; நொதியத்தின் கதையன்று.

நலத்தின்போது இவன் செய்யும் பணிகளை முதலிற் கூறாவிட்டால் அநீதி செய்தவராவோம். மகப்பேற்றின்போது கருப்பையின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். ஆறு வாரங்களில் அது 60 அல்லது 70 கிராமாகச் சுருங்கிப் பழைய நிலையை அடைகின்றது. ஒன்பது மாதம் கட்டிய கொலாஜன் முழுவதையும் இவ்வளவு விரைவில் அகற்றுவதென்றால் எளிய வேலையா? தாய்மாரின் உடல் இதனைச் சத்தமின்றிச் செய்து முடிக்கின்றது. பல்லின் மிளிரி இன்னோர் எடுத்துக்காட்டு. உடலிலேயே கடினமான அப்பொருள் முதலில் மென்மையான புரதச் சாரமாகத்தான் இடப்படுகின்றது. பின்னர் இக்குடும்பத்தின் 20 ஆம் எண் நொதியம் அப்புரதத்தை வெட்டி அகற்ற, அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பிக்கொண்டு கனியுப்புப் பளிங்குகள் தடிக்கின்றன. அந்நொதியத்திற்குரிய பரம்பரையலகு பழுதுற்றுப் பிறந்த குழந்தைகளின் மிளிரி மென்மையாகவும் நிறங்கெட்டும் இருக்கும். இடிப்பவன் வராததால் கட்டடம் கெட்டது!

இனி அவன் எல்லை மீறும் இடங்களுக்கு வருவோம். முரசு நோயிலிருந்து தொடங்குதல் நன்று. அதிலே நம் நாட்டுக்கும் பங்குண்டு. பல்லை எலும்போடு பிணைக்கும் நாரிலுள்ள கொலாஜன் மிக விரைவாகப் புதுப்பிக்கப்படுவது. எலிகளில் அது சில நாட்களிலேயே மாறிவிடுகின்றது. அன்சனின் மாலுமிகளுக்குப் பற்கள் ஆடியதன் காரணம் இப்போது வாசகர்க்கு விளங்கும். ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பல் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1970 முதல் 1985 வரை இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான ஆண்கள் 480 பேரின் வாய்களைப் பார்வையிடத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தனர். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அத்தொழிலாளருக்கு இருக்கவில்லை. ஏறக்குறைய எல்லோர் பற்களிலும் அழுக்குப் படலம். எல்லோர் முரசும் அழற்சியுற்றிருந்தது. ஆயினும் முடிவு ஒரே விதமாக இருக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பெருகி நாற்பத்தைந்து வயதளவில் பற்கள் அனைத்தையுமே அழித்தது. 81 பேருக்கு நடுத்தரமாக முன்னேறிற்று. 11 பேருக்கோ முரசின் அழற்சிக்கு அப்பால் நோய் நகரவே இல்லை.

1986 இல் வெளியான இவ்வாய்வு உலகெங்கும் பல் வைத்தியக் கல்லூரிகளில் இன்றும் போதிக்கப்படுகின்றது. தோட்டத் தொழிலாளரின் இழப்பிலே உலகம் கற்ற பாடம் அது என்பதை நாமாவது நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பாடம் யாது? அழுக்கும் கிருமியும் எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, அழிவு வேறுபட்டதாயின், அழிவின் அளவைத் தீர்மானிப்பதிற் பாதி நம் உடலிடமே உண்டு. கிருமியை எதிர்க்க முரசுக்குள் திரளும் வெண்குருதிக் கலங்களே கொலாஜனேஸைக் கொட்டுகின்றன. பகைவன் வாயிலில் நிற்கப் படைவீரர் தம் கோட்டையையே தகர்ப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இதிலிருந்து ஒரு மருந்தும் பிறந்தது. டெற்றாசைக்கிளின் இன மருந்துகள், கிருமிகளைக் கொல்வதல்லாமல் கொலாஜனேஸையும் அடக்கும் என்பதை அமெரிக்க அறிஞர் லோர்ன் கோலப் என்பவரின் குழு 1983 இல் அறிவித்தது. கிருமியைத் தொடாத அத்துணைச் சிறிய அளவு, அதாவது 20 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் நாளுக்கு இருமுறை, முரசு நோய்க்கெனப் பயன்படுத்த 1998 இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. பல் வைத்தியர் வேர்வரை துப்புரவு செய்வதற்குத் துணையாகவே அது பயன்படும். துப்புரவுக்குப் பதிலாக அன்று. கருவுற்ற தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இவ்வின மருந்து ஆகாது என்பதையும் குடும்பத் தலைவியர் குறித்துக் கொள்க.

சுவாசப்பையின் கதையைச் சுருக்கிக் கூறலாம். சுவாசப்பையின் நுண்ணறைகள் இறப்பர் போல விரிந்து சுருங்குவது எலாஸ்ரின் என்னும் புரதத்தால். புகைபிடிப்போரின் சுவாசப்பையிலே திரளும் கலங்கள் இக்குடும்பத்தின் 12 ஆம் எண் நொதியத்தை வெளியிட்டு எலாஸ்ரினை அறுக்கின்றன. அறைச்சுவர்கள் அழிந்து பல சிற்றறைகள் ஒரு பேரறை ஆகிவிட, மூச்சு உள்ளே அகப்பட்டு வெளியே வராமல் மனிதன் திணறுகிறான். அந்நொதியம் இல்லாமற் பிறக்குமாறு செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு மாதக்கணக்கிற் சிகரெற்றுப் புகை ஊட்டியும் இந்நோய் வரவில்லை என்பது 1997 இல் தெரியவந்தது. சுண்டெலிக்கு அப்பாக்கியம் உண்டு, நமக்கில்லை. நாம் சிகரெற்றைத்தான் விடவேண்டும்.

மூட்டிலுள்ள கசியிழையமோ மிகவும் இரங்கத்தக்கது. தோலிலுள்ள கொலாஜனிற் பாதி மாறுவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். கசியிழையத்தின் கொலாஜனிற் பாதி மாறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என ஒல்லாந்து அறிஞர் 2000 ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். இளமையிற் கட்டியதே இறுதிவரை உதவுகின்றது எனலாம். மூட்டுவாதத்திலே வெறிகொண்ட நொதியங்கள் அதனை அரிக்கத் தொடங்கினால், அரித்த இடத்தை நிரப்ப ஆளில்லை. பாட்டியின் முழங்கால் ஏன் தைலத்தால் மட்டும் குணமாவதில்லை என்பதன் காரணம் இது.

இவ்வளவும் படித்த மாணவர் ஒருவர், "அவ்வாறாயின் இந்நொதியங்களை முற்றாக அடைத்துவிட்டால் என்ன?" எனக் கேட்கக்கூடும். பெரிய பெரிய அறிஞரும் கேட்ட கேள்விதான் அது. புற்றுநோயே அவர்களை அவ்வழியிற் செலுத்தியது. புற்றுக்கலம் தோன்றிய இடத்திலேயே தங்கிவிட்டால் சத்திர வைத்தியர் அதனை வெட்டி எறியலாம். குருதிக்குழாயின் அடிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு அது ஊர்சுற்றப் புறப்படுவதே மரணத்துக்குப் பெருங்காரணம். அப்படலமும் ஒருவகைக் கொலாஜனால் ஆனது. சுண்டெலிப் புற்றுக்கலங்களுள் எவை அப்படலத்தை அதிகமாகக் கரைக்கின்றனவோ அவையே அதிகமாகப் பரவுகின்றன என்று லான்ஸ் லியோற்றாவும் துணைவரும் 1980 இல் காட்டினர். நொதியத்தைத் தடுத்தால் புற்றுநோய் பரவாது! நியாயம் தெளிவாகவே இருந்தது.

மருந்துகள் உருவாயின. பிரித்தானிய நிறுவனமொன்று செய்த மரிமஸ்தற் என்னும் மருந்து, கொலாஜனின் வெட்டுமிடம் போலவே வேடமிட்டுச் சென்று நொதியத்தின் நாகத்தைப் பற்றிக்கொள்ளும். விலங்குகளில் நற்பலன் கிடைத்தது. 1990 களில் நோயாளர் பலரைக் கொண்டு பரீட்சைகள் நடந்தன. பலன் ஏமாற்றமே. கணையப் புற்றுநோயில் மரிமஸ்தற் வழக்கமான மருந்தை விஞ்சவில்லை. நோயாளருக்குத் தோளிலும் கைகளிலும் நோவும் விறைப்பும் உண்டாயின. நாள்தோறும் தசைநாண்களைப் புதுப்பிக்கும் பணி நின்றால் வேறென்ன நேரும்? மற்றொரு நிறுவனத்தின் தனோமஸ்தற் என்னும் மருந்து இன்னும் மோசமானது. சுவாசப்பைப் புற்றுநோயின் ஒருவகையில் அதனை உண்டவர்கள் வெறுங்குளிகை உண்டவர்களிலும் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்பது கண்டு, 1999 இல் பரீட்சை நிறுத்தப்பட்டது.

நோயாளர் தம் எஞ்சிய நாட்களை நம்பி ஒப்படைத்த பரீட்சைகள் அவை. ஆகையால் தோல்வியின் காரணத்தைத் துருவுதல் கடமையாயிற்று. நோய் முற்றி எங்கும் பரவியவர்களுக்கே மருந்து கொடுக்கப்பட்டது. பரவுவதைத் தடுக்கும் மருந்து, பரவிய பின் யாது செய்யும்? இஃது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் 2003 இல் வெளியாயிற்று. இக்குடும்பத்தின் 8 ஆம் எண் நொதியம் இல்லாத ஆண் சுண்டெலிகளுக்குத் தோற்புற்று குறையவில்லை, கூடிற்று. அந்நொதியம் அழற்சியை அளவோடு முடித்துவைக்கும் காவற்காரனாக இருந்தது! ஒரே குடும்பத்தார் என்பதால் திருடனையும் காவலனையும் ஒருங்கே கட்டிப் போட்டதாக முடிந்தது அம்மருந்துகளின் வேலை. இன்று ஆராய்ச்சி, குடும்பத்தில் ஒருவரை மட்டும் தேர்ந்து தடுக்கும் வழிகளை நாடுகின்றது.

இடிப்பது மிகுந்தால் வரும் கேட்டையே இதுவரை கூறினோம். இடிப்பது குறைந்தாலும் கேடுண்டு. அதனைக் காண நம் வீட்டு வெற்றிலைத் தட்டத்துக்கே வரலாம். வாயின் உட்சுவர் வெளிறி, நார்த்தன்மை அடைந்து, வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமற் போகும் நோயொன்று இந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதி. கீழ் ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்டு, 1952 இல் ஷுவாட்ஸ் என்பவர் இதனை விவரித்தார். காரணம் பாக்கு. பாக்கிலுள்ள அரெக்கோலின் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகின்றது. அதிலுள்ள செம்பு, கொலாஜன் நார்களைக் குறுக்கே பிணைக்கும் இன்னொரு நொதியத்துக்கு வலுவூட்டுகின்றது. பாக்கின் துவர்ப்புப் பொருளான தனின், தோல் பதனிடுவது போல நார்களை உரமேற்றிக் கொலாஜனேஸுக்கு அகப்படாமற் செய்கின்றது. கொலாஜனேஸின் அளவும் குறைந்து, அதனை அடைக்கும் டிம்ப் புரதங்களோ கூடுகின்றன. கட்டுவோர் பெருகி இடிப்போர் ஓய்ந்த நிலை!

புகையிலை சேர்த்தாற்றான் தீங்கு, வெறும் பாக்கு நல்லது என்போர் நம்மிடையே உளர். புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்பதை உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலில் முடிவு செய்துள்ளது. மேற்கூறிய வாய்நோய் உடையோருட் சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகின்றது. பாக்கை விட்ட பின்னரும் இறுகிய நார் பழைய நிலைக்கு இளகுவதில்லை. மேலும் இறுகாமற் காக்கலாம்.

நோய் தொடங்கும்போது காரமான கறி உண்டால் வாய் எரியும். பின்னரே இறுக்கம் வரும். வளர்ந்த ஒருவர் தம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்வரிசை முன்பல்லுக்கும் கீழ்வரிசை முன்பல்லுக்கும் இடையே நுழைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலோர்க்கு மூன்றும் நுழையும். பாக்குப் போடும் வழக்கமுள்ள பெரியவர் ஒருவருக்கு இரண்டு விரல்தான் நுழைகிறதென்றால், அடுத்த கிழமையே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.